தேகாப்பியாசமும் சிநேகமும்

(நமது சங்கத்து வாலிபர் தேகப்பயிற்சிக் கூடத்தின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



தேகாப்பியாசத்தின் நன்மைகளைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்லைத் தட்டலாகாதென்று இசைந்து வந்தேனாயினும், அவ்விஷயத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நாள்தோறும் தண்டாலும் பஸ்கியும் எடுப்பவனுக்கு நன்றாகப் பசிக்கும், அயர்ந்த உறக்கம் வரும், வைத்தியச் செலவு குறையும் என்பவற்றை இச்சபையில் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. மறுக்கிறவர்கள் இங்கே வரவில்லை. வராதவர்களுக்கு உபதேசம் செய்து பயன் என்ன?

நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. ஒரே கூடத்தில் பயிலும் இருவர், ஒருவரையொருவர் வெல்ல முயன்றுகொண்டே சிநேகிதராகவும் இருத்தல் கூடுமோ என்பதே அது. இதைப் பேசவேண்டிய அவசியம் யாது என்று உங்களில் பலருக்குத் தெரியும். சென்ற ஆனி மாதம் முதலாக நமது கூடத்தில் காலை ஐந்து மணிக்கு வருகிறவர்கள் ஒரு கட்சி, மாலை ஆறு மணிக்கு வருகிறவர்கள் மற்றொரு கட்சி என்றாகிவிட்டது. காலைக் கட்சியார் வைத்துப் போன இரும்புத் தட்டுக்களை மாலைக் கட்சியார் வேறு மூலைக்கு மாற்றுகிறார்கள். மறுநாட்காலை அவை மீண்டும் பழைய மூலைக்குப் போகின்றன. இதனால் தட்டுக்களுக்கு நல்ல தேகாப்பியாசம் ஏற்படுகிறதே தவிர வேறு பலனில்லை. பவர்லிப்டிங் பந்தயத்தில் நமது கூடத்துப் பிள்ளைகள் இருவர் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்று வந்தார்களே, அன்று சங்கத்தார் அனைவரும் மாலை போட்டு மகிழ்ந்தோம். இரண்டரைக் கிலோ வித்தியாசத்தில் வந்த அவ்வெற்றி, இரண்டு குடும்பங்கள் ஒன்றன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு மற்றொன்று போகாமல் இருப்பது வரையில் வந்து நிற்குமென்று யார் எண்ணினார்கள்?

அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. யார் மேல் தவறு என்று தீர்ப்புக் கூறவும் வரவில்லை. அதற்குரிய யோக்கியதை எனக்கு இல்லை என்பது சற்று நேரத்தில் உங்களுக்கே விளங்கும்.

முதலில் ஒன்று கவனியுங்கள். நம்முடையது சிறிய சமூகம். பெருநகரத்தில் ஒரு ஜிம்மில் இருவர் மனஸ்தாபம் கொண்டால், ஒருவர் அடுத்த தெருவிலுள்ள ஜிம்முக்கு மாறிக்கொள்வார்; காரியம் தீர்ந்துவிடும். நம்மவருக்கோ, பக்கத்தில் நின்று பாரம் தூக்குகிறவன் அத்தை மகனாகவோ, சித்தப்பா பிள்ளையாகவோ, நாளைக்குப் பெண் எடுக்கப்போகும் வீட்டுப் பையனாகவோ இருக்கிறான். கூடத்தில் முறிந்தது கூடத்தோடு நிற்பதில்லை. கல்யாணப் பந்தியில் வந்து உட்காருகிறது; சாவு வீட்டில் வந்து ஒதுங்கி நிற்கிறது.

மற்ற விளையாட்டுக்களுக்கும் இரும்புக்கும் உள்ள வேற்றுமையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் தோற்றவன் மழையைக் குறைகூறலாம். பூவா தலையாவைக் குறைகூறலாம். நடுவரின் கண்ணைக் குறைகூறலாம். அவ்விதமான சமாதானங்களால் அவன் மனம் ஆறிவிடுகிறது. இரும்பினிடத்தில் அது செல்லாது. 120 கிலோ என்றால் 120 கிலோவே. அது காலையிலும் அவ்வளவே, மாலையிலும் அவ்வளவே. எனக்கு எழும்பாதது அவனுக்கு எழும்பிற்று என்பதை ஊரே பார்த்துவிட்டது. எண்ணைக் குறைகூற வழியில்லாதவன் என்ன செய்வான்? ஆளைக் குறைகூறுகிறான். 'அவன் மருந்து போட்டுக்கொள்கிறான்,' 'அவன் நடுவருக்கு வேண்டியவன்,' 'அவன் என் பயிற்சி முறையைத் திருடிக்கொண்டான்' என்று ஒவ்வொன்றாக வருகின்றன. சிநேகம் பந்தய மேடையில் உடைந்து நான் கண்டதில்லை. மேடையை விட்டு இறங்கிய பிறகு, தேநீர்க் கடையில், மூன்றாம் மனிதனிடத்தில் சொல்லும் வார்த்தையிலேயே அது உடைகிறது.

இதற்குச் சாக்ஷி நானே.

1987ஆம் வருஷத்தில் எனக்கு வயது இருபத்திரண்டு. அக்காலத்தில் நமது கூடம் ஓர் ஓட்டுக் கொட்டகை. தரை மண் தரை. அதில் நானும் என் நண்பர் ஒருவரும் ஐந்து வருஷகாலம் ஒன்றாகவே பயின்று வந்தோம். ஒரு நாள் அவர் வரவில்லையென்றால் நான் அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்று குரல் கொடுப்பேன். நான் வராவிடில் அவர் வந்து நிற்பார். இருவரும் 60 கிலோ வகுப்பில் சேர்ந்தவர்கள். அவர் ஸ்நாட்சில் என்னைவிட வல்லவர். கிளீன் அண்டு ஜெர்க்கில் நான் அவரைவிடச் சற்று மேல். அவ்வருஷம் ஜில்லா எடைதூக்கும் பந்தயத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். முதல்நாள் இரவு ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே அமர்ந்து உண்டோம். அப்பொழுது அவர் 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லித் தம் இலையிலிருந்து இரண்டு இட்லிகளை எடுத்து என் இலையில் வைத்தார். நானும் உண்டேன்.

மறுநாள் பந்தயம். இருவரும் கூட்டுத்தொகையில் 195 கிலோ தூக்கினோம். அக்காலத்து விதிப்படி, இருவர் சமமாகத் தூக்கினால் உடல் எடை குறைந்தவருக்கே முதலிடம். (அவ்விதி பிற்காலத்தில் மாற்றப்பட்டுவிட்டது, கூட்டுத்தொகையை முதலில் எட்டியவருக்கே இப்போது ஜயம்.) என் எடை 59.7 கிலோ, அவர் எடை 59.4 கிலோ. முந்நூறு கிராமில் அவர் முதல்வரானார். அறிவிப்பானவுடனே அவர் என்னை நோக்கித் திரும்பினார். நான் குனிந்து, முன்பே கட்டியிருந்த என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். ஊருக்குத் தனித்தனிப் பஸ்ஸில் திரும்பினோம்.

அதற்குமேல் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்கிறேன். தேநீர்க் கடையில் ஒருவரிடம், 'இட்லியை என் இலையில் தள்ளி என் எடையை ஏற்றிவிட்டான்' என்றேன். பாதி வேடிக்கையாகவே சொன்னேன். கேட்டவர் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொருவரிடம் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அது, 'முதல்நாளே திட்டமிட்டுத் தன் எடையைக் குறைத்துக்கொண்டு, நண்பனுக்கு வயிறு நிறைய உணவிட்டு வஞ்சித்தான்' என்றாயிற்று. ஆறாம் வாரத்தில், 'எடை பார்க்கிறவனுக்குப் பணம் கொடுத்தான்' என்று வளர்ந்து, என் நண்பர் காதில் போய் விழுந்தது. அவர் என்னிடத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கூடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் போய் விளக்கவில்லை. விளக்கப் போயிருந்தால் முதல் வாக்கியம் என்னுடையதுதான் என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்திருக்கும்.

நான் மளிகை வியாபாரி. சில வருஷங்களுக்குப் பின் ஒரு நாள், கடையில் ஒருவரும் இல்லாத வேளையில், இரண்டு இட்லிகளைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். நூறு கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. அவற்றை நான் உண்ணாமலே இருந்திருந்தாலும் இருநூறு கிராமில் தோற்றிருப்பேன். இந்தக் கணக்கை முதல் நாளிலேயே போட்டுப் பார்க்கத் தெரியாதவனா நான்? கோபத்துக்குக் கணக்கு வராது போலும்.

இன்னொன்று. அவர் போன பின்பு, இரண்டு வருஷம் நான் தனியே பயின்றேன். அக்காலத்தில் ஒரு நாளும் 195 கிலோவை நான் தாண்டவில்லை. முன்னெல்லாம் மழை நாளில், 'இன்றைக்குப் போகாமல் இருந்தாலென்ன?' என்று தோன்றும்போது, 'அவர் போயிருப்பாரே' என்ற எண்ணம் என்னை எழுப்பிவிடும். இப்பொழுது எழுப்புவார் இல்லை. பாரத்தை உயர்த்தியபோது 'முழங்கையைப் பூட்டு' என்று கத்துவாரும் இல்லை. யாரை வெல்வதற்காகப் பயின்றேனோ, அவரே எனக்குப் பாதி ஆசிரியராக இருந்தார் என்பதை, அவர் இல்லாத கொட்டகையில்தான் அறிந்துகொண்டேன்.

இப்படியே ஒன்பது வருஷங்கள் சென்றன. 1996இல் அவருடைய தாயார் என் கடைக்குத் தாம்பூலத் தட்டுடன் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம்; பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். வைத்துவிட்டு, 'தம்பி! அன்றிரவு அவனுக்கு வயிற்றுக் கடுப்பு. தண்ணீர்கூடத் தங்கவில்லை. உன்னிடம் சொன்னால், உடம்பு சரியில்லாதவனோடு எப்படிப் போட்டியிடுவதென்று நீ மனம் தளர்ந்துவிடுவாய் என்று சொல்லாமல் விட்டானாம்' என்றார்கள். நான் திகைத்துப்போய், 'இதை அப்பொழுதே ஏன் அத்தை சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'நீ ஏன் தம்பி கேட்கவில்லை?' என்றார்கள்.

கல்யாணத்துக்குப் போனேன். காலைப் பந்தியில் என் நண்பர் பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நலம் விசாரிக்கவில்லை, குற்றம் கூறவுமில்லை. 'ஆள் போதவில்லை' என்று சொல்லி ஒரு சாம்பார் வாளியை என் கையில் கொடுத்தார். அவர் கையில் இருந்தது என்ன என்று கேட்கிறீர்களா? இட்லித் தட்டுத்தான். அவர் இப்பொழுது வெளியூரில் மகனோடு இருக்கிறார். இந்தச் சங்கதியைச் சபையில் சொல்லலாமா என்று சென்ற வாரம் அவரிடம் தொலைபேசியில் கேட்டேன். 'தாராளமாகச் சொல், ஆனால் ஸ்நாட்சில் நான் உன்னைவிட வல்லவன் என்பதையும் விடாமல் சொல்' என்றார். சொல்லிவிட்டேன்.

பாரதம் படித்தவர்களுக்குத் தெரியும்: குருக்ஷேத்திர யுத்தத்தின் வித்து ராஜ்யத்துக்கு முன்பே விளையாட்டில் விழுந்தது. பீமசேனன் சிறு பிள்ளையாக இருக்கும்போது, கௌரவர்கள் பழம் பறிக்க மரமேறினால் அம்மரத்தை உலுக்கி அவர்களைக் கீழே வீழ்த்துவான். நீரில் விளையாடும்போது பிடித்து அமுக்குவான். பகைமையால் அவன் அவ்வாறு செய்யவில்லை, பிள்ளைத்தனத்தால் செய்தான் என்றே வியாசர் கூறுகிறார். ஆனால் விழுந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? துரியோதனன் கங்கைக் கரையில் பீமனுக்கு விஷம் கலந்த உணவை இட்டான். பிரசங்கிகள் எப்பொழுதும் துரியோதனனையே வைவார்கள். வையத் தக்கவனே. எனினும் பலசாலிகளாகிய பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியது பீமனைப் பற்றியே. வென்றவன் தன் விளையாட்டு பிறரை எங்கே நோகச்செய்கிறதென்று பார்க்கவேண்டும். கைப்பேசியில் தன் வெற்றிப் படத்தைப் போட்டு, அதன் கீழே இரண்டாம் இடம் வந்தவனைச் சுட்டி ஒரு நகைப்புக் குறியை இடுவது, மரத்தை உலுக்குவதன்றி வேறென்ன? போட்டவன் மறுநாள் மறந்துவிடுகிறான். பார்த்தவன் மறப்பதில்லை. எனக்கோ துரியோதனன் இட்ட அன்னமும் என் நண்பர் இட்ட இட்லியும் ஒன்றாகவே தோன்றிவிட்டன. அது என் பாகத்துப் பிழை.

இனி, நம்மைவிடப் பெரிய அரங்கத்தில் இவ்விஷயம் எப்படி நடந்ததென்று ஒரு வரலாறு சொல்கிறேன். வாலிபர்கள் இதைச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும்.

1960ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் ரோமாபுரியில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அவற்றுள் டெக்காத்லன் என்பது ஒன்று. பத்து விதமான போட்டிகள் சேர்ந்தது. முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளத் தாண்டல், குண்டெறிதல், உயரத் தாண்டல், 400 மீட்டர் ஓட்டம். இரண்டாம் நாள் தடையோட்டம், வட்டெறிதல், கோலூன்றித் தாண்டல், ஈட்டியெறிதல், கடைசியாக 1500 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. அதிகப் புள்ளி பெற்றவர் ஜயிப்பார். இதில் முன்னணியில் நின்ற இருவர், அமெரிக்கராகிய ரேஃபர் ஜான்சனும், தைவான் தேசத்தவராகிய யாங் சுவான்-குவாங்கும். இவ்விருவரும் முன்பின் அறியாத எதிரிகளல்லர். கலிபோர்னியாவில் ஒரே சர்வகலாசாலையில், ஒரே மைதானத்தில், டிரேக் என்னும் ஒரே ஆசிரியரிடத்தில் ஒன்றாகப் பயின்றவர்கள், நெருங்கிய நண்பர்கள்.

பந்தயம் நடந்த விதம் அதிசயமானது. பத்துப் போட்டிகளில் ஏழில் யாங்கே ஜான்சனை மிஞ்சினார். குண்டு, வட்டு, ஈட்டி என்னும் மூன்று எறிதல்களில் மாத்திரம் ஜான்சன் முந்தினார். ஆனால் குண்டெறிதலில் யாங் 13.33 மீட்டர் எறிந்தபோது ஜான்சன் 15.82 மீட்டர் எறிந்தார். வட்டெறிதலிலும் இப்படியே வெகுதூரம் முந்தினார். ஆகையால் ஒன்பது போட்டிகள் முடிந்தபோது ஜான்சன் 67 புள்ளி மேலே இருந்தார். மிஞ்சியிருந்தது 1500 மீட்டர் ஓட்டம் ஒன்றே. அதில் யாங் கைதேர்ந்தவர். ஜான்சனைவிடப் பத்து விநாடி முன்னதாக அவர் ஓடி முடித்தால் தங்கப் பதக்கம் அவருக்கு. அவ்வளவு முந்தாவிடில் ஜான்சனுக்கு. இதுதான் நிலைமை.

இப்பொழுது அந்த ஆசிரியரின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். இருவரும் அவர் மாணாக்கர். இருவரும் அவரிடத்தில் யோசனை கேட்டார்கள். அவர் ஜான்சனை அழைத்து, 'யாங்கின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடு. அவன் எப்பொழுது வேகம் எடுத்தாலும் விடாதே' என்றார். யாங்கை அழைத்து, 'எவ்வளவு தூரம் முந்தமுடியுமோ முந்து. ஜான்சனால் உன்னோடு அவ்வளவு தூரம் வரமுடியாது' என்றார். ஒருவனை வெல்லும் உபாயத்தை மற்றவனுக்கு மறைக்காமல், ஒவ்வொருவனுக்கும் உரியதை நேர்மையாகச் சொன்னார். நமது கூடத்தில் பயிற்சி கொடுக்கும் அண்ணன்மார் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். 'இவன் என் பையன், அவன் உன் பையன்' என்று பங்கிட்டுக்கொள்ளுகிற வழக்கம் இங்கேயும் மெல்லத் தலைகாட்டுகிறது.

இருவரும் இரவில் ஓடினார்கள். யாங் முன்னே, ஜான்சன் நிழல்போலப் பின்னே. யாங் இழுத்தார், இழுத்தார்; ஜான்சன் விடவில்லை. யாங் ஓடி முடித்த நேரம் 4 நிமிஷம் 48.5 விநாடி. ஜான்சன் முடித்தது 4 நிமிஷம் 49.7 விநாடி. பத்து விநாடி வேண்டியிருந்த இடத்தில் ஒரு விநாடியும் சில்லறையுமே கிடைத்தது. 8392 புள்ளிகளுக்குத் தங்கம். 8334 புள்ளிகளுக்கு வெள்ளி. கோட்டைத் தாண்டியதும் நிற்கவும் வலியற்று ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள்.

இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்வது அந்தத் தழுவல் மாத்திரமன்று. அத்தழுவலைப் புகைப்படத்தில் யாரும் காணலாம். 1500 மீட்டர் ஓட்டத்தில் ஜான்சன் நண்பனென்று பார்த்து ஓர் அடியும் விட்டுக்கொடுக்கவில்லை. யாங்கும் ஓர் அடி மெதுவாக ஓடவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அந்தச் சிநேகம் பழுதாகியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 'அவன் எனக்குப் பிச்சையிட்டான்' என்ற எண்ணம், 'அவன் என்னை வஞ்சித்தான்' என்ற எண்ணத்துக்கு இளைத்ததன்று. யாங் 1963இல் இதே டெக்காத்லனில் உலக சாதனை செய்தார். 2007இல் அவர் காலமாகும் வரையில் அவர்கள் நட்புக் குன்றவில்லை. ஜான்சன் 2020இல் காலமானார்.

கூடத்தில் கண்ணாடிக்கு மேலே ஆர்னால்டு சுவார்ஸ்நெக்கர் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அவரைப் போலத் தோள் வேண்டுமென்று பிள்ளைகள் தினமும் அதைத் தரிசிக்கிறார்கள், நல்லது. அவர் பக்கத்தில் நிற்கும் குள்ளமான மனிதர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை. அவர் பெயர் ஃபிராங்கோ கொலம்பு. இத்தாலியைச் சேர்ந்த சார்டினியாத் தீவினர். இருவரும் 1965இல் ஜெர்மனியில் ஒரு பந்தயத்தில் சந்தித்தவர்கள். பின்பு கலிபோர்னியாவில் ஒன்றாகப் பயின்றார்கள்; கைச்செலவுக்காகச் செங்கல் கட்டுமான வேலையும் ஒன்றாகவே செய்தார்கள். 1974, 1975 ஆகிய இரண்டு வருஷங்களிலும் மிஸ்டர் ஒலிம்பியாப் பந்தயத்தில் 200 ராத்தலுக்குட்பட்ட வகுப்பில் ஃபிராங்கோ வென்று, மொத்தப் பட்டத்துக்கு ஆர்னால்டோடு எதிர் நின்று தோற்றார். 1976இல் ஆர்னால்டு விலகி நிற்க, பட்டம் ஃபிராங்கோவுக்குக் கிடைத்தது. 1986இல் ஆர்னால்டின் விவாகத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரும் இவரே. 2019இல் ஃபிராங்கோ காலமானார். படத்தைப் பார்க்கிறவர்கள் இருவரையும் பார்க்கலாம்.

'அப்படியானால் பரிசையே பங்கிட்டுக்கொண்டால் தீர்ந்ததே' என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கத்தார் தேசத்து பர்ஷிமும் இத்தாலி தேசத்து தாம்பேரியும் உயரத் தாண்டலில் 2.37 மீட்டர் தாண்டிச் சமமாக நின்று, மேலும் போட்டியிடாமல் இரண்டு தங்கப் பதக்கங்களாகப் பெற்றுக்கொண்டார்களே, அதை மனத்தில் வைத்துக் கேட்டான். அழகிய காரியமே, இருவரும் கணுக்காலில் பெருங்காயம் பட்டு, மீண்டு வந்தவர்கள். ஆனால் 2024இல் பாரிஸ் நகரில் அதே உயரத் தாண்டலில் நியூஜீலாந்து கெர்ரும் அமெரிக்க மெக்இவனும் சமமாக நின்றபோது, பங்கிட்டுக்கொள்ளாமல் மேலும் தாண்டிப் பார்த்தார்கள். கெர் வென்றார். இவர்களைச் சிலர் பேராசைக்காரர் என்று ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். இருவரும் இசைந்து பங்கிட்டாலும் சரி, இருவரும் இசைந்து போட்டியிட்டாலும் சரி. இருவரும் இசைந்தார்களா என்பதே கேள்வி.

நமது வாட்ஸப் குழுவைக் குறித்தும் ஒரு வார்த்தை. முதலில் அது கூடம் திறக்கும் நேரத்தைத் தெரிவிப்பதற்காக ஏற்பட்டது. இன்று அதில் யார் எவ்வளவு தூக்கினார் என்ற ஜாபிதாவும், அதற்குக் கீழே பாரம் தூக்காதவர்களின் அபிப்பிராயங்களுமே நிறைந்திருக்கின்றன. தூக்குகிறவர்கள் இருவர், சண்டையிடுகிறவர்கள் முப்பதுபேர். அந்த முப்பதின்மரில் பலருக்கு என் வயது. வாலிபர்களைக் கண்டிக்குமுன் நாம் நம் விரல்களை அடக்கிக்கொள்வோம். தாய்மார்களின் மாலை நடைக் குழுவிலும் கைக்கடிகாரக் கணக்கால் சில மனக்கசப்புகள் உண்டென்று கேள்விப்படுகிறேன். பதினாயிரம் அடி நிறைவதற்காகக் கடிகாரத்தைப் பேரன் கையில் கட்டி விளையாட அனுப்பிய அம்மையார் இன்னாரென்று என்னைக் கேட்காதீர்கள்.

மருந்தைப் பற்றிய வதந்தி மாத்திரம் விளையாட்டன்று. தசை வளர்வதற்காக ஊசி போட்டுக்கொள்வது இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கக்கூடியது. நம் பிள்ளைகளில் ஒருவன் அவ்வழியில் போகிறானென்று உண்மையாகவே தோன்றினால், அவன் முகத்துக்கு நேரே கேளுங்கள். இல்லையேல் அவன் தகப்பனாரிடமோ பந்தய அதிகாரிகளிடமோ சொல்லுங்கள். அவனுக்கு நன்மை செய்வது அதுவே. அவனில்லாத இடத்தில் தேநீர் ஆறும்வரை பேசுவதால் அவன் இருதயம் பிழைக்குமா? உண்மை தெரியாமலே அப்படிப் பேசினால், நான் இட்லியைப் பேசியதற்கும் அதற்கும் பேதமில்லை.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஓரதிகாரத்தோடு நிறுத்தவில்லை. ஐந்து அதிகாரங்கள் வைத்தார். அவற்றுள் பழைமை என்பது ஒன்று. நெடுநாட் பழகியவர் உரிமையினால் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வது அதன் பொருள். என் நண்பர் என்னைக் கேளாமலே என் இலையில் இட்லி வைத்தது அந்த உரிமை. ஒன்பது வருஷம் கழித்து, கேளாமலே என் கையில் வாளியைக் கொடுத்ததும் அந்த உரிமையே.

பெஞ்ச் பிரஸ் செய்யும்போது தலைமாட்டில் ஒருவர் நின்று, பாரம் இறங்கிவிடாமல் காவல் காக்கிறாரே, அதை நம் பிள்ளைகள் 'சப்போர்ட் கொடுத்தல்' என்கிறார்கள். மல்லாந்து படுத்தவனுடைய கழுத்துக்கு மேலே 100 கிலோ இரும்பு இருக்கும்போது, அவன் உயிர் தலைமாட்டில் நிற்பவன் கையில் இருக்கிறது. அவசியத்துக்குமுன் கைவைத்தால் அந்தத் தூக்கு அவனுடையதாகாது, தாமதித்தால் ஆபத்து. எப்பொழுது தொடவேண்டும், எப்பொழுது தொடலாகாது என்பது, அவன் பலத்தையும் பலவீனத்தையும் நன்றாய் அறிந்தவனுக்கே தெரியும். அப்படி அறிந்தவன் யார்? அவனை வெல்ல நினைத்து அவனையே தினமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவனன்றோ?

ஆகையால் காரியதரிசி அவர்களின் அனுமதியுடன் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். சுவரில் தொங்கும் சாதனைப் பலகையை எடுத்துவிட வேண்டுமென்று சில பெரியவர்கள் சொன்னார்கள். எடுக்கவேண்டியதில்லை, எண்களை மறைத்தால் போட்டி மறைந்துவிடாது. அதற்குப் பதிலாக அப்பலகையில் ஒரு பத்தி கூடுதலாக வரையப்பட்டிருக்கிறது. தூக்கியவர் பெயர், தூக்கிய கிலோ, அதற்கடுத்துத் தலைமாட்டில் நின்றவர் பெயர். மூன்றாம் பத்தி நிரப்பப்படாத எந்தத் தூக்கும் இனிக் கணக்கில் ஏறாது. அப்பலகையில் இதுவரை இருந்த எண்கள் எல்லாம் நேற்றிரவு அழிக்கப்பட்டன. என்னுடைய 195உம் அதோடு போயிற்று; வாஸ்தவத்தில் அது பெஞ்சில் தூக்கியதன்று, ஆயினும் முப்பது வருஷமாக யாரும் அழிக்கத் துணியாமல் ஒரு மூலையில் இருந்தது.

வருகிற திங்கட்கிழமை முதல் காலையிலும் மாலையிலும் தனித்தனியே திறக்காமல், ஒரு மாதகாலம் காலை ஐந்து மணிக்கு மாத்திரம் கூடம் திறக்கப்படும். சாவி என்னிடத்தில் இருக்கும். பெஞ்ச் ஒன்றுதான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பலகையின் முதல் வரியை யாருக்காக வெறுமையாக விட்டிருக்கிறேன் என்பது அந்த இருவருக்குத் தெரியும். யார் முதற்பத்தி, யார் மூன்றாம் பத்தி என்பதை அவர்களே பேசித் தீர்மானித்துக்கொள்ளட்டும். சாக்குக்கட்டி கயிற்றில் தொங்குகிறது.